பியூலா வீட்டுக் கப்பி

சென்ற ஆண்டு ஜூலை ஐந்தாம் தேதி, சனிக்கிழமை. காலை நான்கு ஐம்பதுக்கு எழுந்தேன். பாலில்லாத கட்டன் சாயா குடித்தேன். ஐந்து இருபதுக்கு மோட்டார் போட்டேன். மின்னழுத்தம் குறைவு, தொட்டி நிறையப் பதினேழு நிமிடம் ஆயிற்று. ஆறு மணிக்கு வாசல் பெருக்கினேன். ஆறே காலுக்குப் பால் வந்தது. நான் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்துக்கு அன்று விடுமுறை என்பதால் ஏழு மணிக்கு வீட்டுத் துணிகளை ஊற வைத்தேன். எட்டரைக்குத் துவைத்து முடித்துக் கொடியில் போட்டேன். ஒன்பது மணிக்கு ஒரு சாரல்; துணிகளை உள்ளே இழுத்தேன். ஒன்பது இருபதுக்கு வெயில், வெளியே தள்ளினேன்.

இதெல்லாம் என் நாட்குறிப்பில் இருக்கிறது. பத்து ஐந்துக்குப் பியூலா தன் வீட்டுப் பின்முற்றத்தில் வெள்ளைத் துணியைக் காயப்போட்டாள். இதுவும் இருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரி எத்தனை மணிக்குத் துணி காயப்போட்டாள் என்று குறித்து வைக்கிறவள் எப்படிப்பட்ட பெண் என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நான் அப்படிப்பட்டவள்தான்.

பியூலா என்பது அவளுடைய உண்மைப் பெயர் அல்ல. எங்கள் ஊரான கொட்டாரத்தில் இதைப் படிக்கிறவர்களுக்கு யாரென்று தெரிந்துவிடும் என்பது வேறு விஷயம். அவளிடம் வாசித்துக் காட்டிய பிறகுதான் இந்த வாரப் பகுதியைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

அந்த வெள்ளைத் துணி

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அப்பமும் திராட்சை ரசமும் வைக்கிற மேசையின் மேல் ஒரு வெள்ளை விரிப்பு விரிப்பார்கள். ஐந்து மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம். அதை ஒரே வீட்டில்தான் துவைக்கக் கொடுப்பார்கள். மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது, வெயிலில்தான் காய வேண்டும், தரையில் படக் கூடாது. இப்படி எந்த ஏட்டிலும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

பத்தொன்பது வருடம் அந்த வீடு என் வீடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோவில்பிள்ளை, அதாவது ஆலயத்தைத் திறந்து பெருக்கி மணியடிக்கிறவர், விரிப்பைத் தகரப்பெட்டியில் வைத்துச் சைக்கிளில் கொண்டுவருவார். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, நான் தேய்த்து மடித்து வைத்ததை வாங்கிப் போவார். இதற்காக யாரும் நன்றி சொன்னதில்லை. நானும் எதிர்பார்த்ததில்லை. முதல் ஞாயிறன்று ஆலயத்துக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் தலை குனிந்து ஜெபிப்பார்கள். நான் துணியைப் பார்ப்பேன்.

எங்கள் ஊரில் வெள்ளைத் துணி காயவைப்பது சாதாரணக் காரியமல்ல. கடல் பஸ்ஸில் பத்து நிமிடம். ஆனி, ஆடியில் காற்று கன்னிப்பூ நெல் நிற்கும் வயலைத் தாண்டி வீட்டுக்குள் வரும்போது உதட்டில் உப்புக் கரிக்கும். ஒரு நாளில் எட்டுத் தடவை சாரல், எட்டுத் தடவை வெயில். அதனால்தான் கப்பிக் கொடி.

அடுக்களை வாசல் ஓரம் ஒரு கப்பி, முற்றத்தின் கடைசியில் தென்னையில் ஒரு கப்பி. இரண்டிலும் சுற்றிவரும் ஒரே கயிறு. வாசலில் நின்றபடி துணியைக் கிளிப் போட்டுக் கயிற்றை இழுத்தால் துணி வெயிலுக்குப் போகும். மழை வந்தால் மறுபக்கம் இழுக்க வேண்டும். துணி கூரைக்கு அடியில் வந்துவிடும். முற்றத்தில் காலே வைக்க வேண்டாம். கயிறு எளிதில் கிடைக்கும். உப்புக்காற்றில் ஒரு வருடம் தாங்குகிற கப்பிதான் கிடைக்காது.

தேங்காய் எண்ணெய்

அந்த ஏப்ரலில் என் கப்பி கீச்சிட ஆரம்பித்தது. கொட்டாரத்திலேயே ஹார்டுவேர் கடையில் வாங்கிய இரும்புக் கப்பி. "ஆயுசுக்கும் கெடக்கும்" என்று கடைக்காரர் சொன்னார். யாருடைய ஆயுசு என்று நான் கேட்கவில்லை. அதற்கு முந்தின கிறிஸ்துமஸுக்குத்தான் மாட்டியது.

என் வீட்டுக்காரர் கீரிப்பாறையில் ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வை வேலையில் இருக்கிறார். வாரம் முழுக்க அங்கே. சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு வீடு. அவர் சொன்னார்: "ஏட்டி, உனக்க கப்பி கத்துறது மலை வரைக்கும் கேக்குது. பால் வெட்டுற பெண்ணுவ என்ன சத்தம்னு என்கிட்ட கேக்குவ."

எங்கள் பக்கத்தில் கதவுக் கீல் கத்தினாலும் தையல் மெஷின் இறுகினாலும் முட்டு வீங்கினாலும் ஒரே மருந்துதான். இரண்டு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயைக் கப்பியின் அச்சில் விட்டேன். சத்தம் நின்றது. நாட்குறிப்பில் 'கப்பி சரியாயிற்று' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

மே முதல் சனிக்கிழமை நல்ல வெயில். எண்ணெய் சூடேறி இளகி, அச்சுக்குள் இருந்த துருவைக் கரைத்துக்கொண்டு கயிற்றின் வழியே இறங்கியது. மூன்று சொட்டு. ஒவ்வொன்றும் மிளகளவு. வெள்ளைத் துணியில், மேசைக்கு முன்பக்கம் வருகிற ஓரத்தில்.

எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்தேன். இரண்டு தடவை. பழுப்பு மஞ்சளாயிற்று, மஞ்சள் போகவில்லை. அந்தப் பக்கம் பின்னால் வருகிறபடி மடித்துக் கொடுத்தேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். மேசை விரிக்கிறவர் போதகரின் மனைவி என்பதை மறந்துபோனேன்.

ஆராதனை முடிந்து பாஸ்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். வயதில் என்னைவிடச் சின்னவர். குரல் எப்போதும் பஞ்சு மாதிரி.

"சுகந்தியக்கா, உங்களுக்கு ஸ்கூல் சோலி, வீட்டுச் சோலி. எத்தன வருஷமா செய்யுதிய. கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க. ஜூன்ல இருந்து பியூலா பாத்துக்கிடட்டு. அவ வீட்டுல நல்ல கப்பி இருக்குல்லா."

"சரிம்மா, நல்லதுதான்" என்றேன். சிரிக்கவும் செய்தேன்.

கறை என்று அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். 'நல்ல கப்பி' என்றதைத்தான் பொறுக்க முடியவில்லை. பியூலாவின் புருஷன் பஹ்ரைனிலிருந்து ஜனவரியில் லீவுக்கு வந்தபோது கொண்டுவந்த கப்பி அது. படம் போட்ட அட்டைப்பெட்டியில் வந்தது. முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. ஒரு விரலால் இழுத்தால் ஓடும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே மார்பளவு மதில்தான். என் அடுக்களை ஜன்னலிலிருந்து பார்த்தால் அது தெரியும், பார்க்காமலிருந்தாலும் மின்னும்.

ஜூன் முதல் ஞாயிறு திருவிருந்துக்கு நான் எழுந்து போகவில்லை. முட்டுவலி என்று சொன்னேன். யாரிடமாவது மனத்தாங்கல் வைத்துக்கொண்டு அந்தத் திருவிருந்துப் பாத்திரத்தில் வாய் வைக்கக் கூடாது என்று சிறு வயதிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இருந்த இடத்திலிருந்தே துணியைப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் குறை.

ஏழாம் நம்பர் மெஷின்

பொறாமை எனக்குப் புதிதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பத்தொன்பது வயதில் டைப்ரைட்டிங் படிக்கப் போனேன். அங்கே இருந்த பன்னிரண்டு மெஷின்களில் ஏழாம் நம்பர்தான் நல்லது. சுண்டுவிரல் லேசாகத் தொட்டாலே 'A' எழுத்து விழும். என்னோடு படித்த ஒருத்தி ஆறு மணிக்கு வந்து அதில் உட்கார்ந்துகொள்வாள். நான் ஐந்தே முக்காலுக்குப் போனேன். அவள் ஐந்தரைக்கு வந்தாள். நான் ஐந்தேகாலுக்குப் போய்ப் பூட்டிய கதவின் முன்னால் நின்றேன். கடைசியில் நடத்துகிறவர் கையில் சாவியோடு, பல் விளக்காத வாயோடு வந்து கேட்டார்: "உங்க ரெண்டு பேருக்கும் வீட்டுல தூங்க எடம் இல்லியாட்டி?"

இரண்டு பேரும் முதல் வகுப்பில்தான் தேறினோம். அவளுக்கு என்னைவிட நான்கு மதிப்பெண் அதிகம். எண் இன்னும் மறக்கவில்லை. அவள் முகம் மறந்துவிட்டது.

காந்தம்

மே மாதம் அந்த ஞாயிறு கழிந்ததுமே கப்பி தேட ஆரம்பித்தேன். பியூலாவுடையதைப் போல ஒன்று அல்ல. அதைவிட ஒரு படி மேலாக ஒன்று வேண்டும் எனக்கு. அப்படி ஒன்று என் வீட்டில் ஓடினால் துணி தானாகத் திரும்பி வரும் என்று எப்படியோ நம்பினேன்.

நாகர்கோவிலில் ஒரு பழைய கடையில் பித்தளைக் கப்பி கிடைத்தது. சக்கரம் தங்கம் போலிருந்தது. பத்து நாளில் அச்சு துருவேறி இறுகிவிட்டது. கழற்றிப் பார்த்தேன். சக்கரம் பித்தளை, அச்சு இரும்பு. இரண்டு உலோகமும் உப்பு ஈரத்தில் ஒட்டியிருந்தால் இரும்புதான் முதலில் தின்னப்படும் என்று பள்ளியில் வேதியியல் ஆசிரியர் விளக்கினார். வாங்குவதற்கு முன்பே அவரிடம் கேட்டிருக்கலாம்.

பிறகு பிளாஸ்டிக் சக்கரம். மூன்று வாரம் நன்றாக ஓடியது. பிறகு வெயிலில் வெளிறி, ஒரு நாள் போர்வையின் கனத்தில் இரண்டாகப் பிளந்தது.

அந்தச் சனிக்கிழமை என் வீட்டுக்காரர் பிளந்த சக்கரத்தைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார்.

"நீ சக்கரத்தப் பாத்து வாங்குத. அச்சைப் பாரு. எங்க தோட்டத்து ஃபாக்டரியில ரப்பர் பால் ஒறைய வைக்க ஆசிட் தொட்டி இருக்குல்லா, அந்த ஸ்டீல்ல காந்தம் ஒட்டாது. ஒட்டாதது கெடக்கும். ஒட்டினா இன்னிக்கு இல்லேன்னா நாளைக்குத் துருப்பிடிக்கும்."

"இத முன்னாலயே சொல்லப்பிடாதா?"

"நீ எங்கிட்ட கேட்டியா? பியூலாவுக்க கப்பியப் பாத்துட்டே இருந்தா நான் பேசுறது எங்க கேக்கும்?"

பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து அது என் கைப்பையில் குடை, பேனா, மாத்திரையோடு நான்காவது பொருள். நாகர்கோவிலில் ஒன்பது கடை ஏறினேன். 'ஒரிஜினல் ஸ்டெயின்லெஸ்' என்று கையில் கொடுப்பார்கள். நான் பையிலிருந்து காந்தத்தை எடுப்பேன். டக்கென்று ஒட்டும். "அம்மா, நீங்க டிபார்ட்மெண்டா?" என்று ஒரு கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

சக்கையோடு போனது

ஜூன் இரண்டாவது வாரம் எங்கள் பலாமரத்தில் ஒரு சக்கை பழுத்தது. பாதியை வெட்டி எடுத்துக்கொண்டு பியூலா வீட்டுக்குப் போனேன். பையில் காந்தம் இருந்தது. எதற்காகப் போனேன் என்று இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

"எக்கா, எவ்வளவு மணம்! நில்லுங்க, பாத்திரம் எடுத்துட்டு வாறேன்" என்று உள்ளே போனாள். நான் தென்னையில் மாட்டிய கப்பியடியில் போய் நின்றேன். கையை உயர்த்திக் காந்தத்தை அச்சில் வைத்தேன்.

ஒட்டியது. வெளியே பளபளப்புப் பூச்சு, உள்ளே இரும்பு. உற்றுப் பார்த்தேன். பூச்சு விட்ட இடத்தில், அச்சும் சக்கரத்தை மூடிய கூடும் சேருகிற இடுக்கில், கடுகளவு பழுப்பு.

பியூலா பாத்திரத்தோடு வந்தாள். "என்னக்கா பாக்குதிய?"

"ஒண்ணுமில்ல மக்கா. நல்ல கப்பி."

அவள் சிரித்தாள். "ஓ, ஓடுறதே தெரியாது. வந்த அன்னிக்கு இத எங்க போடுறதுன்னு வீட்டுக்காரர்கிட்ட சண்ட போட்டேன். இப்போ கர்த்தருக்க துணிக்கே ஆயிட்டு பாருங்க."

வீட்டுக்கு வந்தேன். நாட்குறிப்பில் எழுதினேன்: 'பி. வீட்டு அச்சு: இரும்பு. துரு தொடங்கிவிட்டது.' அதன் பிறகு தினமும் காலையில் ஜன்னலைத் திறந்ததும் அந்தப் பழுப்பு வளர்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். செடி நட்டவள் துளிர் பார்ப்பதுபோலப் பார்த்தேன். சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை என்றால் பொய். தோன்றியது. அப்போதெல்லாம் பாஸ்டரம்மாவின் பஞ்சுக் குரல் காதில் கேட்டது.

கடலில் கிடந்தது

மூன்றாவது வாரம் கடற்கரையில் இருக்கும் கடியப்பட்டணத்துக்குப் போனேன். உப்பில் கிடப்பதைப் பற்றி உப்பில் கிடப்பவர்களைத்தானே கேட்க வேண்டும் என்று அப்போதுதான் புத்தி வந்தது. நாகர்கோவிலிலிருந்து பஸ். இறங்கி, மாதாவின் சிற்றாலயமான குருசடியைத் தாண்டி, வள்ளம் பழுது பார்க்கிற ஓலைக் கொட்டகை. சூசை என்று பெயர் சொன்னார், அறுபது வயதிருக்கும். வலை இழுக்கிற கப்பியொன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"துணிக்கொடிக்குக் கப்பி வேணும்" என்றேன்.

"துணிக்கா?" பக்கத்தில் வலை தைத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தார். "கேட்டியாடே, சேல பிடிக்கக் கப்பி வேணுமாம். நாம மீனு பிடிச்சு என்னத்துக்கு?"

நான் காந்தத்தை எடுத்தேன். அவர் சிரிப்பு நின்றது. ஒரு கப்பியை என் முன்னால் வைத்தார். கறுப்பு நைலான் சக்கரம், மங்கலான ஸ்டீல் கூடு, மங்கலான அச்சு. பார்வைக்கு ஒரு அழகும் கிடையாது. காந்தம் கூட்டிலும் ஒட்டவில்லை, அச்சிலும் ஒட்டவில்லை.

"இது நாலு வருஷம் கடல்ல கெடந்ததாக்கும். கடல்ல துருப்பிடிக்காதது உங்க கரையில வந்தா பிடிக்கப்போவுது? பளபளான்னு இருந்தா வாங்கப்பிடாது அம்மா. பளபளப்பு பூசுறது எதையாவது மறைக்கத்தான்."

"எண்ணெ விடணுமா?"

"தொட்டுராதிய! எண்ணெ விட்டா உப்பையும் மணலையும் பிடிச்சு வெச்சுக்கிடும். மாசத்துக்கு ஒருக்க நல்ல தண்ணி ஊத்திக் கழுவுங்க. அவ்வளவுதான்."

இரண்டு கப்பி வாங்கி வந்தேன். ஜூன் இருபத்தி இரண்டாம் தேதி மாட்டினோம். ஈரப் போர்வை நான்கைப் போட்டு இழுத்தேன். கயிறு போகிற சத்தம்கூட இல்லை. உலகத்திலேயே நல்ல கப்பி என் வீட்டில் இருந்தது. துணி பியூலா வீட்டில் இருந்தது.

ஒன்பது கொட்டை

இனி அந்த ஜூலை ஐந்தாம் தேதி.

பத்து ஐந்துக்குப் பியூலா விரிப்பைக் கொடியில் போட்டு வெளியே தள்ளினாள். பதினொன்று இருபதுக்கு மேற்கே இருட்டியது. நான் அடுக்களையில் உட்கார்ந்து சக்கைக் கொட்டைக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தேன். பதினொன்று நாற்பதுக்குக் காற்று திரும்பியது. பியூலா வெளியே வந்து கயிற்றை இழுத்தாள். வரவில்லை. மறுபடியும் இழுத்தாள். தென்னையில் இருந்த கப்பி இறுகியிருந்தது. மூன்றாவது தடவை பலமாக இழுத்ததில் கயிறு சக்கரத்தை விட்டு விலகிக் கூட்டுக்குள் சிக்கிக்கொண்டது. துணி முற்றத்தின் நடுவே நின்றது. கயிறு தொய்ந்தது. கீழே செம்மண் சேறு.

அவளால் தனியாக ஒன்றும் செய்ய முடியாது. ஒரு முனைக் கிளிப்பைக் கழற்றினால் அந்தப் பக்கம் சேற்றில் விழும். ஒருவர் துணியை ஏந்த வேண்டும், ஒருவர் கழற்ற வேண்டும்.

"எக்கா! சுகந்தியக்கா! வீட்டுல இருக்கியளா?"

கேட்டது. கையிலிருந்த கொட்டையை உரித்தேன்.

"எக்கா! ஒண்ணு ஓடி வாங்கக்கா!"

அடுத்த கொட்டையை எடுத்தேன். சாரல் விழ ஆரம்பித்தது. ஜன்னலைப் பார்க்கவில்லை, பார்த்தால் எழுந்துவிடுவேன் என்று தெரியும். அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது ஒன்றுதான்: நாளைக்கு மேசையில் கறை இருக்கும், அது என் கறையாக இருக்காது. முதல் கூப்பாட்டிலிருந்து ஒன்பது கொட்டை உரித்திருந்தேன். பிறகு எண்ணிப் பார்த்தேன், தோலை.

மூன்றாவதாக அவள் என்னைக் கூப்பிடவில்லை. "ஐயோ, துணி" என்றாள், தனக்குள் சொல்கிற மாதிரி. அது எப்படி மழைக்குள்ளும் கேட்டது என்று தெரியவில்லை.

எழுந்து ஓடினேன். பியூலாவுக்காக ஓடினேன் என்று எழுதினால் பொய். பத்தொன்பது வருடம் என் கை பட்ட துணி அது. மதிலில் இருக்கிற சின்னக் கேட்டைத் திறந்து, செருப்பில்லாமல், இரண்டு கையாலும் துணியின் அடி ஓரத்தை வாரி எடுத்தேன். சேற்றுக்கு நான்கு விரல் உயரத்தில் இருந்தது. பியூலா ஒவ்வொரு கிளிப்பாகக் கழற்றினாள். துணியைக் குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்தி என் வீட்டுக்குள் கொண்டுவந்தோம்.

குழல் விளக்கின் கீழே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சாண் சாணாகப் பார்த்தேன். கறை இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதிக்கு அடியில் ஒரு ஏமாற்றமும் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

சத்தமில்லாத கொடி

இன்னொரு தடவை அலசினோம். ஒன்று பத்துக்கு வெயில் வந்தது. என் கொடியில் போட்டு வெளியே தள்ளினேன். இரண்டு இருபத்தைந்துக்குச் சாரல், உள்ளே இழுத்தேன். இரண்டு நாற்பதுக்கு மறுபடியும் வெளியே. பியூலா அடுக்களைப் படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தமே இல்லியேக்கா!"

அந்த ஒரு வாக்கியத்தை அவள் வாயிலிருந்து கேட்க இரண்டு வாரமாகக் காத்திருந்தேன். பல விதமான பதில்களும் தயாராக இருந்தன. கயிற்றின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினேன்.

"எக்கா, நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் பாஸ்டரம்மாகிட்ட சொல்லிடுதேன். இந்தத் துணி உங்க வீட்டுலதான் இருக்கணும். எனக்கு இந்த ரெண்டு மாசமும் பயமாக்கும், ராத்திரி ஒறக்கம் வராது. நீங்க நான் கூப்பிட்ட ஒடனே ஓடி வந்திய பாத்தியளா, இல்லேன்னா என்ன ஆயிருக்கும்!"

"அது கெடக்கட்டு" என்றேன்.

ஐந்து மணிக்குத் தேய்த்து முடித்தோம். ஆறு மணிக்குக் கோவில்பிள்ளை பியூலா வீட்டில் பெட்டியை வாங்கிப் போனார். ஏழரைக்கு என் வீட்டுக்காரர் வந்தார். நடந்ததைச் சொன்னேன், ஒன்பது கொட்டையையும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"பின்ன என்னட்டி? கேட்டது கெடச்சாச்சு. மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"ஒடனே ஓடி வந்தேன்னு நெனைக்குதா அவ."

"நெனைச்சா நெனைக்கட்டு. துணி சேத்துல விழுந்துதா? இல்ல. கறை பட்டுதா? இல்ல. ஒன்பது கொட்டைக்கு யாரு கணக்குக் கேக்கப்போறா? சும்மா கெட."

அவர் சொன்னது சரிதான். வாயைத் திறக்காமலிருந்தால் மறுநாள் மதியத்துக்குள் துணி எனக்குத் திரும்பிவிடும். மே மாதத்திலிருந்து நான் வேறெதையும் இவ்வளவு விரும்பவில்லை. படுத்தேன். எத்தனை மணிக்குத் தூங்கினேன் என்று குறிப்பில் இல்லை.

ஞாயிறு காலை

மறுநாள் நான்கு ஐம்பதுக்கு எழுந்தேன். சாயா போடவில்லை. மோட்டாரும் போடவில்லை. முகம் கழுவிச் சின்னக் கேட்டைத் திறந்து பியூலா வீட்டுக்குப் போனேன். அவள் அடுக்களையில் புட்டுக்கு மாவு நனைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, இந்நேரமே?"

நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன்.

"உனக்க கப்பி துருப்பிடிக்கும்னு எனக்கு நேத்தைக்கு முன்னாலயே தெரியும். சக்கை கொண்டு வந்த அன்னிக்கு காந்தம் வெச்சுப் பாத்தேன். சொல்லல்ல. நேத்து நீ மொதல்ல கூப்பிட்டதே எனக்குக் கேட்டுது. கேட்டும் உள்ள இருந்தேன்."

அவள் கை மாவுக்குள்ளேயே நின்றது.

"எதுக்குக்கா?"

"துணி உனக்கிட்ட வந்துட்டுல்லா. அதுக்கு."

என்னைப் பார்த்தாள். பிறகு மாவைப் பார்த்தாள். ஒரு கட்டியை விரலால் உதிர்த்தாள், இன்னொன்றை உதிர்த்தாள். கோபமாகப் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன்; அதற்குத் தயாராகவும் இருந்தேன்.

"பாஸ்டரம்மாகிட்ட நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றாள் கடைசியில். "துணி எங்கிட்டயே இருக்கட்டு."

"சரி மக்கா."

"அந்தக் கப்பி எங்க வாங்கினிய? அதச் சொல்லுங்க."

கையைத் துடைத்துவிட்டு, காலண்டரில் ஜூலை ஐந்தைக் கிழித்து, பேனாவோடு என்னிடம் நீட்டினாள். நான் அடுக்களை மேடையில் வைத்து எழுதினேன். நாகர்கோவிலில் எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும், குருசடியிலிருந்து எந்தப் பக்கம், சூசையண்ணன் கொட்டகை. சக்கரம் நைலான். எண்ணெய் விடக் கூடாது. மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீர்.

கடைசி வரி அச்சைப் பற்றியது. பேனா அங்கே நின்றது. அந்த ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டாலும் அவளுக்குக் கப்பி கிடைக்கும். பார்வைக்கும் என்னுடையதைப் போலவே இருக்கும். ஒரு வருடம் ஓடவும் செய்யும். பியூலா எனக்கு முதுகைக் காட்டிப் புட்டுக்குழலில் தேங்காய்த் துருவல் போட்டுக்கொண்டிருந்தாள்.

'அச்சில் காந்தம் ஒட்டக் கூடாது. வாங்கும் முன் வைத்துப் பார்க்கவும்' என்று எழுதி, தாளை உப்பு ஜாடியின் கீழே வைத்துவிட்டு வந்தேன்.